பட்டணத்துப் பழக்கம்

(வடக்கனந்தலில் மாணவர், இளைஞர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் படிக்கவோ வேலைக்கோ சென்னை, திருப்பூர், பெங்களூர் என்று கிளம்பப் போகிறவர்கள். மீதிப்பேர் போய்விட்டு லீவுக்கு வந்திருப்பவர்கள். அதனால்தான் பட்டணத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள் என்று நினைக்கிறேன். நான் ஒரே ஒரு வார்த்தையை எடுத்துக்கொள்கிறேன். நம்ம பையன் ஒருத்தன் பேண்ட் போட்டு, சட்டையை உள்ளே விட்டு, செருப்புக் காலோடு ஊர்த்தெரு வழியாக நடந்தால் திண்ணையிலிருந்து ஒரு குரல் வரும்: "பட்டணத்துப் பழக்கத்தை எல்லாம் இங்க வச்சுக்காத." நம்ம வீட்டுப் பெரியவங்களும் பயத்தில் அதையே சொல்லியிருக்கிறார்கள். அது என்ன பட்டணத்துப் பழக்கம்? நம்ம கால் செருப்பு திண்ணையில் உட்கார்ந்திருப்பவனை ஏன் உறுத்துகிறது? அந்தப் பழக்கத்தில் நமக்கு வேண்டியது எது, வேண்டாதது எது? இவ்வளவுதான் என் பேச்சு.

1994 கோடை விடுமுறையில்தான் நான் முதன்முதலாகச் சென்னை போனேன். பத்தாவது எழுதி முடித்திருந்தேன். அக்காவை வியாசர்பாடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமாவுக்கு மூட்டை தூக்குகிற வேலை. அக்கா ஒரு துணிக் கம்பெனியில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தது. கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறி, கள்ளக்குறிச்சியில் மாறி, உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் என்று ராத்திரியெல்லாம் போய், விடியும்போது பாரிமுனையில் இறங்க வேண்டும். கோயம்பேடு பஸ் நிலையம் 2002-இல்தான் வந்தது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் வந்துவிட்டது. நம்மைப் போன்றவர்கள் போய் இறங்குகிற இடம் பட்டணத்தின் நடுவிலிருந்து வெளியே வெளியே தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. அது வேறு கதை.

அந்த ஒரு மாதத்தில் அக்கா எனக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறேன். டவுன் பஸ்ஸில் ஏறினோம். வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா சத்தம் போட்டது: "ஏன்டா நிக்கிற? நாமளும் காசு குடுத்துதான டிக்கெட் வாங்கினோம். உக்காரு." உட்கார்ந்தேன். அந்தப் பெரியவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். மறுபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. வளைவுகளில் அவர் தோள் என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. அந்த வயது வரைக்கும் ஊர்க்காரர் ஒருவருடைய உடம்பு என் மேல் பட்டதென்றால் அது அடி வாங்கியபோதுதான்.

அடுத்தது டீக்கடை. எங்கள் பக்கத்து டீக்கடையில் அப்போது நமக்குத் தனி கிளாஸ். குடித்துவிட்டு நாமே கழுவி, அதற்கென்று இருக்கிற இடத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். வியாசர்பாடியில் டீயைக் குடித்து முடித்ததும் நான் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரைத் தேடினேன். கடைப் பையன் வந்து வெடுக்கென்று பிடுங்கி, மற்ற கிளாஸ்களோடு ஒரே பக்கெட்டில் போட்டு அலசினான். "கழுவுறது அவன் வேலை. நீ குடிச்சுட்டு வச்சுட்டு வந்துடணும்" என்றது அக்கா.

மூன்றாவது, பேச்சு. ஊரில் நமக்குத் தெரிந்த மரியாதை வார்த்தை 'சாமி'. நம்ம அப்பன் வயசுக்காரரைப் பத்து வயசுப் பையன் பேர் சொல்லிக் கூப்பிடுவான். அவரோ அந்தப் பையனுக்கும் 'சாமி' போடுவார். பட்டணத்தில் மளிகைக் கடைக்காரர் அக்காவைப் பார்த்து "என்னம்மா வேணும்" என்றார். என்னைப் பார்த்து "தம்பி, சில்லறை இருக்கா" என்றார். தம்பி! அந்த ஒரு சொல்லுக்காகவே தேவையில்லாமல் தீப்பெட்டி வாங்கப் போயிருக்கிறேன்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பஸ்ஸில் உட்காருவதும், கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வருவதும், 'தம்பி' என்று அழைக்கப்படுவதும் உடம்பு கற்றுக்கொள்கிற பாடம். குனிந்து குனிந்து பழகிய முதுகு கூட்டத்தில் கைதட்டியதும் நிமிர்ந்துவிடாது. தினசரி பழக்கத்தில்தான் நிமிரும். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தை அறியாமையின், குறுகிய புத்தியின் குகை என்கிற பொருளில் பேசினார். காந்தியவாதிகள் பலருக்கு அது கசந்தது. பஸ்ஸில் முதல் தடவை உட்கார்ந்த சேரிப் பையனுக்கு அதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

ஆனால் பட்டணம் ஏன் இடம் விட்டது? அந்தப் பெரியவர் மனசு மாறியவரா? எனக்குத் தெரியாது, அவருக்கும் என்னைத் தெரியாது. விஷயமே அதில்தான் இருக்கிறது. ஊரில் ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொருவனையும் தெரியும். யார் மகன், எந்தத் தெரு, எந்தக் கிணறு, யார் நிலத்தில் கூலி என்பது முகத்தைப் பார்த்ததும் தெரியும். அந்தத் தெரிதலின் மேல்தான் தீண்டாமை நிற்கிறது. பட்டணத்து பஸ்ஸில் அந்தத் தகவல் இல்லை. டீக்கடைக்காரனுக்கு அதை விசாரிக்க நேரமில்லை, வியாபாரம் கெடும். ஆக, பட்டணம் எனக்குக் கொடுத்த சமத்துவம் தெரியாததால் வந்த சமத்துவம். தெரிந்த பிறகும் அது நிற்குமா என்பதுதான் கேள்வி.

நிற்காது என்பதற்கு அந்த பஸ்ஸே சாட்சி. 1994-இல்தான் பல்லவன் போக்குவரத்துக் கழகத்தைப் பிரித்து, வடசென்னைப் பக்கம் ஓடிய பஸ்களுக்கு டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் வைத்தார்கள். பாபாசாகேப் பெயர் போட்ட வண்டியில் எல்லாச் சாதியும் ஏறி இறங்குவதைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷம். மூன்றே வருஷம். 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது, அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று தென்மாவட்டங்களில் ஆதிக்க சாதிகள் கிளம்பின. பஸ் எரிந்தது, உயிர் போனது. கடைசியில் அரசாங்கம் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. அம்பேத்கர் பெயரும் போனது. பக்கத்தில் உட்காருபவன் யார் என்று தெரியாதவரை உட்காருவார்கள். வண்டி யார் பெயரில் ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால் வண்டியே தீட்டு.

அம்பேத்கர் தன் வாழ்க்கையில் நடந்ததாக எழுதி வைத்திருப்பதில் இரண்டு சம்பவங்களைச் சேர்த்துப் பாருங்கள். 1901-இல் அவர் சின்னப் பையன். அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் வெளியூரில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்கக் கிளம்புகிறார். புதுச் சட்டை, சரிகைத் தொப்பி, கரை போட்ட வேட்டி, புது பூட்ஸ். மசூர் ஸ்டேஷனில் இறங்கியதும் ஸ்டேஷன் மாஸ்டர் உடையைப் பார்த்துப் பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்து அன்பாக விசாரிக்கிறார். மஹர் என்று பிள்ளைகள் சொன்னதும் அவர் முகம் மாறி விலகிப் போகிறார். வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். இரட்டிப்பு வாடகை கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொண்டு, வழியெல்லாம் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் போனார்கள். புது பூட்ஸ் எத்தனை நேரம் மரியாதை வாங்கிக் கொடுத்தது? ஒரு கேள்வி வருகிற வரைக்கும்.

இரண்டாவது, 1917. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா அரசு வேலைக்கு வருகிறார். வெளிநாட்டு வாழ்க்கையில் தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பே அழிந்துபோயிருந்தது என்கிறார். தங்க இடமில்லை. பார்சிகளின் விடுதியொன்றில் பார்சிப் பெயர் எழுதித் தங்குகிறார். பதினோராவது நாள் கம்புகளோடு ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. வெளியேற்றுகிறார்கள். இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டும் கிடைக்காமல், பூங்காவில் உட்கார்ந்திருந்து ரயிலேறி பம்பாய் திரும்பினார். அவ்வளவு பெரிய படிப்பு, அவ்வளவு பெரிய ஊர்ப் பழக்கம், பதினோரு நாள் தாங்கியது.

இது நூறு வருஷத்துக்கு முந்தின கதை என்று நினைக்காதீர்கள். என் அக்கா மகன் இன்ஜினியரிங் முடித்துப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். வியாசர்பாடியில் பிறந்தவன். வாடகைக்கு வீடு பார்க்கப் போனான். வீட்டுக்காரர் நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார். "சொந்த ஊர் எது தம்பி?" சென்னைதான் சார். "இல்ல, பூர்வீகம்?" கள்ளக்குறிச்சிப் பக்கம். "கள்ளக்குறிச்சியா, அந்தச் சாராயச் சாவு நடந்ததே?" 2024 ஜூனில் கருணாபுரத்தில் அறுபது பேருக்கு மேல் செத்துப்போனதற்குப் பிறகு இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. "அங்க எந்த ஊரு?" வடக்கனந்தல். "வடக்கனந்தல்ல எந்தத் தெரு?" தெருப் பெயரை அவன் சொன்னான். "நீங்க சைவமா?" இல்லை. மறுநாள் போனில், வேற ஒருத்தருக்குப் பேசி முடிச்சுட்டோம் என்று பதில் வந்தது. அந்த வீட்டு வாசலில் 'டு லெட்' பலகை அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் தொங்கியது. பார்த்தீர்களா, பஸ்ஸில் கேட்காத கேள்வியை வீட்டு வாசலில் கேட்கிறார்கள். ஊர், தெரு, சோறு என்று மூன்றே கேள்வியில் பட்டணம் நம்மை மறுபடி ஊருக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

தனி ஒருவருடைய அனுபவம் என்று தள்ளிவிட முடியாது. சுகதேவ் தோரட்டும் மற்றவர்களும் டெல்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் வாடகை வீட்டுச் சந்தையை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். தலித் என்றும் முஸ்லிம் என்றும் பெயரில் தெரிகிறவர்களுக்கு வீடு மறுக்கப்பட்டது, கிடைத்தாலும் கூடுதல் நிபந்தனையோடு கிடைத்தது. பட்டணத்துத் தீண்டாமை கையை நீட்டி அடிக்காது. "வேற ஒருத்தருக்குப் பேசிட்டோம்" என்று சொல்லும்.

நேரடியாக அடித்ததும் உண்டு. 1921-இல் சென்னை பக்கிங்காம், கர்நாட்டிக் மில் வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. ஒரே ஆலையில் வேலை பார்த்தவர்கள், சாயங்காலம் வெவ்வேறு தெருவுக்குத் திரும்பியவர்கள். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் தலித்துகள் பன்னிரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். அது கிராமமில்லை, கடைத்தெருவும் ரயில் சந்திப்பும் உள்ள நகரம். நாம் சென்னைக்குப் போகும்போதெல்லாம் அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறோம்.

இந்த அடியும் மறுப்பும் சேர்ந்து நம்ம பிள்ளைகளுக்கு இன்னொரு பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கின்றன. மறைந்து வாழ்கிற பழக்கம். ஊர்ப் பெயரைக் கேட்டால் மாவட்டத்தைச் சொல்வது. முகவரியைக் கேட்டால் கண்ணகி நகர் என்று சொல்லாமல் துரைப்பாக்கம் என்று சொல்வது. மாட்டுக்கறி சமைத்தால் ஜன்னலை மூடுவது. நண்பர்கள் ஒருத்தனைத் திட்ட 'சேரி' என்று சொல்லும்போது, கூடச் சேர்ந்து சிரிப்பது. இந்த வாயடைப்பைத்தான் சில பேர் நாகரிகம் என்கிறார்கள். வயிற்றுப்பாட்டுக்காக வாயை மூடிக்கொண்டிருப்பவரை நான் குறை சொல்ல வரவில்லை. வீடு கிடைக்காமல் கைக்குழந்தையோடு தெருவில் நிற்கிறவரிடம் வீரம் பேசுவது அயோக்கியத்தனம். ஆனால் மறைவது ஒரு விடுதலை என்று யாராவது சொன்னால், பரோடாவின் பதினோராவது நாளை ஞாபகப்படுத்துங்கள்.

அப்படியானால் பட்டணத்திலிருந்து எதைக் கொண்டுவருவது? உட்காருகிற பழக்கத்தை. செருப்புப் போடுகிற பழக்கத்தை. 'சாமி' போடாத வாயை. அந்த 1994-இல் ஊர் திரும்பும்போது அக்கா வாங்கிக் கொடுத்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடந்தேன். மறுநாள் அப்பாவைக் கூப்பிட்டு விட்டார்கள். "பையன் பட்டணம் போயி வந்ததும் கால் தரையில படலையாமே" என்று கேட்டார்களாம். அப்பா அங்கே ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, "நாளைக்கும் போட்டுக்கிட்டுப் போ. ஆனா தனியாப் போவாத" என்றார். அப்புறம் நான்கைந்து பேராகச் சேர்ந்து நடந்தோம். இயக்கம் என்பதற்கு எனக்குத் தெரிந்த முதல் விளக்கம் என் அப்பா சொன்ன அந்த வாக்கியம்தான்.

இது வெறும் மான உணர்ச்சி மட்டுமில்லை, சட்டமும்கூட. 1924-இலேயே சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து, பொதுத்தெரு, பொதுக்கிணறு, குளம் எல்லாம் நமக்கும் உரியவை என்று அரசாணை வந்தது. நூறு வருஷம் தாண்டிவிட்டது. 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-இல் ஒரு திருத்தம் வந்து, 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கிறது. பொது இடத்தில் நம்மவர் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை, செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதை, கல்யாண ஊர்வலம் போவதைத் தடுத்தால் அது வன்கொடுமை என்று அந்தத் திருத்தம் பெயர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறது. ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் செருப்பும் புதுச்சட்டையும் ஏறுகிறதென்றால், அந்தச் செருப்பின் மேல் எத்தனை பேர் கண் இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

நம்ம வீட்டுக்குள்ளேயும் ஒரு வார்த்தை பேச வேண்டும். அக்கா ஒருமுறை திருவிழாவுக்கு வந்தபோது நைட்டி போட்டுக்கொண்டு குழாயடிக்குப் போனது. "இது என்ன பட்டணத்துப் பழக்கம்" என்று சத்தம் போட்டது ஊர்க்காரன் இல்லை, நம்ம காலனி ஆம்பளைதான். அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டது: "ஓம் பேண்ட்டு மட்டும் பட்டணத்துல இருந்து வரலாமா?" அவரிடம் பதிலில்லை. இன்றைக்கும் பையன் செருப்புப் போட்டால் புரட்சி என்கிறோம். பொண்ணு போனைக் கையில் வைத்திருந்தால் அதைப் பிடுங்குகிறோம். திண்ணையில் கேட்ட அதே குரல் நம்ம தொண்டையிலிருந்தும் வருகிறது. அதை அடக்காமல் ஊர்த்தெருவில் நடக்கிற உரிமையைப் பேசினால் பெண்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அது நியாயம்.

கிளம்பப் போகிறவர்களுக்குக் கடைசியாக நான்கு விஷயம். ஒன்று, பட்டணத்தில் தனியாக இருக்காதீர்கள். சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதி மாதிரி நம்ம பிள்ளைகள் சேர்ந்து தங்கும் இடங்களில்தான் ஊர் ஊராக என்ன நடக்கிறது என்பதே நமக்குத் தெரியவந்தது. வீடு தேடும்போதும் நாலு பேராகத் தேடுங்கள். மறுத்தவர் என்ன கேட்டார், என்ன சொன்னார் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். இரண்டு, முடிகிற இடத்திலெல்லாம் ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒருத்தன் சொன்னால் அது அவன் தலைவலி. நூறு பேர் சொன்னால் கேட்டவனுக்குத் தலைவலி. மூன்று, 'சேரி' என்று திட்டுகிறவன் நண்பனாக இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். கல்வராயன் மலையிலிருந்து வந்து படிக்கிற பழங்குடிப் பிள்ளையை 'மலைக்காரன்' என்று கிண்டல் செய்தாலும் அதே மாதிரி நிறுத்துங்கள். நான்கு, லீவுக்கு வரும்போது செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வராதீர்கள். கச்சிராயபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முன்னால் வந்தவனுக்காகப் பத்து நிமிஷம் நில்லுங்கள், பின்னால் வருகிறவளுக்காகவும் நில்லுங்கள். சேர்ந்து நடந்து வாருங்கள்.

ஜெய்பீம்.